கொங்கு வீட்டுச் சாப்பாட்டோடு கொழுப்பைக் குறைத்து உடம்பைத் திடமாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை நாற்காலி. 41 வயதில் என் எடை 84 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர், தொப்புள் மட்டத்தில் வயிற்றுச் சுற்றளவு 101 சென்டிமீட்டர். 14 மாதம் கழித்து எடை 73, சுற்றளவு 86. இந்த 14 மாதத்தில் நான் பட்டினி கிடக்கவில்லை, சோற்றை விடவில்லை, ஒரு கெடாவிருந்துக்கும் போகாமல் இருக்கவில்லை.

அதற்கு முன்னால் ஒருமுறை இறங்கித் தோற்றிருக்கிறேன். இராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி, தினம் ஒரு மணி நேரம் நடந்து, மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறைத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் "சுகர் வந்துருச்சா?" என்றுதான் கேட்டார்கள். கன்னம் ஒட்டி, கை மெலிந்து, தொப்பை மட்டும் அப்படியே இருந்தது. தீபாவளிக்குத் தொடங்கி பொங்கலுக்குள் பாதி எடை திரும்பிவிட்டது. வெறும் பட்டினியில் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரைகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பளு தூக்கினால், போதிய புரதம் சாப்பிட்டால், உடம்பு தசையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொழுப்பை விடும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

தொடங்கும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் எடை, வயிற்றுச் சுற்றளவு, தேதி. காலையில் மலம் கழித்த பிறகு, எதுவும் குடிக்காமல் எடை பாருங்கள். டேப்பைத் தொப்புள் மட்டத்தில் வைத்து, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளவெடுங்கள். முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எடை அசையாத வாரங்களில் உங்களைக் காப்பாற்றப் போவது இந்தப் போட்டோவும் டேப்பும்தான்.

நம் இந்திய உடல்வாகுக்கு வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. அதைத் தாண்டினால் சர்க்கரை, இதய நோய் அபாயம் கூடுகிறது. ஆள் பார்க்க ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் நிற்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. அவர்களுக்கும் இந்த வழிதான். அவர்கள் எடையைக் குறைக்க வேண்டியது கொஞ்சம், தசை போட வேண்டியது நிறைய.

நாற்பதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) மூன்றையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அரிசி குறைந்து மருந்து அதே அளவில் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இங்கே சொல்லும் புரத அளவைத் தாங்களாக எடுக்கக் கூடாது. குடலிறக்கம், முதுகுத் தண்டுவட ஜவ்வு விலகல் இருந்தால் முதலில் மருத்துவர், அப்புறம் ஜிம்.

சாப்பாடு: இங்கேதான் முக்கால்வாசி வேலை

என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) கம்மஞ்சோறும் மோரும் வயிறு முட்டச் சாப்பிடுவார். அவர் ஏர் பின்னால் நடந்தவர், வரப்பு வெட்டினவர், மூட்டை சுமந்தவர். அந்தக் கும்பாவின் அளவு அப்படியே நம் வீட்டுக்கு வந்துவிட்டது, வேலை மட்டும் வரவில்லை. கம்பு, ராகி, அரிசி எதுவானாலும் நூறு கிராம் தானியத்தில் ஏறத்தாழ 320 முதல் 360 கலோரி இருக்கிறது. கம்பில் புரதம் கொஞ்சம் கூடுதல், நார்ச்சத்து கூடுதல், அதனால் பசி தாங்கும். "சிறுதானியம்தானே" என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால் எடை ஏறத்தான் செய்யும்.

கணக்கை எளிதாக வைத்துக்கொள்வோம். உட்கார்ந்த வேலை என்றால், இப்போதைய எடையை 25 ஆல் பெருக்குங்கள். 84 கிலோவுக்கு 2,100 கலோரி. இது தொடக்கப் புள்ளிதான். இரண்டு வாரம் இதன்படி சாப்பிட்டு எடை இறங்குகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் 150 குறையுங்கள். வாரத்துக்கு உடல் எடையில் அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரை இறங்கினால் சரியான வேகம். 84 கிலோ ஆளுக்கு அது 400 முதல் 800 கிராம். அதைவிட வேகமாக இறங்கினால் தசையும் சேர்ந்து போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

புரதத்துக்கு, நீங்கள் போய்ச் சேர விரும்பும் எடையை 1.6 ஆல் பெருக்குங்கள். எனக்கு 72 கிலோ இலக்கு, ஆகவே நாளைக்கு 115 கிராம். கேட்கப் பெரிதாக இருக்கும். நாம் சாதாரணமாகச் சாப்பிடுவதில் 50 கிராம் சேர்ந்தாலே அதிகம். நமக்குப் பக்கத்திலேயே நாமக்கல் இருக்கிறது, ஆனால் வீட்டில் ஒரு ஆளுக்கு ஒரு முட்டைக்கு மேல் வைக்கத் தயங்குகிறோம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். காலையில் மூன்று முட்டை வைத்தால் 18 கிராம் வந்துவிடுகிறது. மஞ்சள் கருவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கொலஸ்ட்ரால் ஏற்கெனவே அதிகம் இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பழகிய ஒரு நாள் சாப்பாடு இது:

காலை: மூன்று முட்டை, இரண்டு இட்லி, சாம்பார். புரதம் சுமார் 25 கிராம்.
பதினொரு மணி: மோர், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, அதாவது 30 கிராம். புரதம் 7.
மதியம்: 60 கிராம் அரிசியில் ஆன சோறு, 50 கிராம் பச்சைப்பயறில் செய்த கடையல், பொரியல் தட்டில் பாதி, ஒரு கிண்ணம் தயிர். புரதம் 21.
சாயங்காலம்: சர்க்கரை இல்லாத டீ, ஒரு கிண்ணம் சுண்டல். புரதம் 11.
இரவு: 150 கிராம் எலும்பில்லாத கோழி, இரண்டு சப்பாத்தி அல்லது அதற்கு ஈடான ராகிக்களி. புரதம் 39.
படுக்கும் முன்: ஒரு டம்ளர் பால். புரதம் 6.

கூட்டினால் 110 கிராமுக்குப் பக்கம், கலோரி 2,000 அளவில். இதில் வெளியூரிலிருந்து வாங்கி வர வேண்டிய பொருள் ஒன்றுகூட இல்லை. புரட்டாசியிலும், நோம்பி (கோயில் திருவிழா) சாட்டியிருக்கும் நாட்களிலும், கறி சாப்பிடாத வீடுகளிலும் கோழிக்குப் பதில் 50 கிராம் சோயா உருண்டை (26 கிராம் புரதம்) அல்லது 100 கிராம் பனீர் (18 கிராம்) போடலாம். பனீரில் கொழுப்பும் 20 கிராமுக்கு மேல் இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள்.

அம்மா முதல் வாரம் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இத்துனூண்டு சோறு எப்படிப் பத்தும்?" என்று கரண்டியோடு நின்றார். நான் வாதாடவில்லை. கடையலை இன்னொரு கரண்டி கேட்டேன். பருப்பு கேட்டால் எந்த அம்மாவும் மறுக்க மாட்டார். சோற்றைக் குறைத்துக் கடையலைக் கூட்டுவதுதான் என் தட்டில் நடந்த ஒரே பெரிய மாற்றம். அரிசியும் பருப்பும் சாதம் செய்யும் நாளில்கூட மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்று போடுவதைச் சரிபாதியாக்கிப் பாருங்கள். ருசி கெடாது, கொஞ்சம் குழைவாக வரும், அவ்வளவுதான்.

கொள்ளு பற்றி ஒரு வார்த்தை

"இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லியே வளர்ந்தோம். கொள்ளு நல்ல பொருள். நூறு கிராமில் 22 கிராம் அளவுக்குப் புரதம், நார்ச்சத்தும் நிறைய. ஆனால் பலர் செய்வது என்னவென்றால், கொள்ளை வேகவைத்து இறுத்த தண்ணீரில் ரசம் வைத்துக் குடித்துவிட்டு, கொழுப்பு கரையும் என்று காத்திருக்கிறார்கள். புரதத்திலும் நாரிலும் பெரும்பகுதி தண்ணீரில் இறங்குவதில்லை, வெந்த கொள்ளிலேயே நிற்கிறது. ரசம் குடியுங்கள், நல்லது. கூடவே அந்த வெந்த கொள்ளை வரமிளகாய், பூண்டு, கொத்தமல்லி சேர்த்து ஆட்டிக் கொள்ளுப் பருப்பாகச் சாப்பிடுங்கள். வயிறு நிறையும், அடுத்த வேளைக்குப் பசி தள்ளிப்போகும். கொள்ளு உதவுவது இப்படித்தான். கொழுப்பை நேரடியாகக் கரைக்கும் உணவு என்று ஒன்று கிடையாது.

எண்ணெய், சர்க்கரை, பேக்கரி

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் சின்ன எலக்ட்ரானிக் தராசை வைத்தேன். அம்மா பீன்ஸ் பொரியலுக்குத் தாளிக்கும் முன் கடலெண்ணெய்ப் பாட்டிலை நிறுத்தேன்: 742 கிராம். தாளித்த பின்: 701. நான்கு பேர் சாப்பிடும் ஒரு பொரியலுக்கு 41 கிராம் எண்ணெய். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி, ஆக 369 கலோரி அந்தச் சட்டியில் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கியிருந்தது. எங்கள் வீட்டுக்கு மாதம் ஐந்து லிட்டர். கணக்குப் போட்டால் தலைக்கு நாளொன்றுக்கு 340 கலோரி எண்ணெயில் மட்டும்.

பாட்டிலை அப்படியே சாய்ப்பதை நிறுத்திக் கரண்டியில் அளந்து ஊற்ற ஆரம்பித்தோம். இரண்டு மாதத்தில் மூன்று லிட்டருக்கு இறங்கியது. யாரும் ருசி குறைந்தது என்று சொல்லவில்லை. நம் பக்கம் மரச்செக்கு எண்ணெய்க்குத் தனி மரியாதை உண்டு. வாசனைக்கும் தரத்துக்கும் அந்த மரியாதை சரிதான். கலோரியில் செக்கு எண்ணெய்க்கும் பாக்கெட் எண்ணெய்க்கும் வித்தியாசம் இல்லை. நாட்டுச்சர்க்கரைக்கும் இதே பேச்சுதான். கவுந்தப்பாடிச் சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிற சர்க்கரை, ஆனால் டீயில் இரண்டு கரண்டி போட்டால் அதுவும் சர்க்கரைதான்.

பேக்கரி. கோவை, திருப்பூர், ஈரோடு எங்கே வேலை பார்த்தாலும் நம் நாள் பேக்கரி வாசலில்தான் இரண்டு முறை நிற்கிறது. ஒரு முட்டை பப்ஸ் 250 கலோரிக்கு மேல் இருக்கும், அதில் பெரும்பகுதி மாவும் வனஸ்பதியும். நண்பர்களோடு நிற்பதை விட வேண்டாம். டீயைச் சர்க்கரை இல்லாமல் சொல்லுங்கள், முதல் பத்து நாள் கசக்கும், அப்புறம் சர்க்கரை போட்ட டீதான் பாயசம் போல இருக்கும். பப்ஸுக்குப் பதில் அவித்த முட்டையோ வறுகடலையோ கேளுங்கள். சாலையோரக் காளான் மாதம் ஒருமுறை போதும். பெயரில்தான் காளான், தட்டில் இருப்பது பொரித்த மாவும் முட்டைக்கோசும்.

விருந்து நாட்களுக்கு எனக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. கெடாவிருந்து என்றால் காலையில் முட்டையும் மோரும் மட்டும். இலையில் உட்கார்ந்ததும் கறித்துண்டுகளை முதலில், சோறு ஒரே முறை, குழம்பின் மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிவிட்டு. ஒப்புட்டு ஒன்று, நெய்யோடு, நிதானமாக. இரவு கொள்ளு ரசத்தோடு நாளை முடித்துவிடுவேன். சாராயம், பீர் எடுப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஆல்கஹால் கிராமுக்கு 7 கலோரி, அதோடு அன்றைய தூக்கத்தையும் கெடுக்கும்.

பயிற்சி: வாரம் மூன்று நாள், நாளுக்கு ஐம்பது நிமிடம்

திங்கள், புதன், வெள்ளி. ஷிப்ட் மாறுகிறவர்கள் எந்த மூன்று நாளானாலும் எடுத்துக்கொள்ளலாம், நடுவில் ஒரு நாள் இடைவெளி இருந்தால் போதும். இரண்டு அட்டவணைகளை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

அட்டவணை ஒன்று: ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து எடையை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), கேபிள் ரோ அல்லது டம்பெல் ரோ (எடையை வயிற்றுப் பக்கம் இழுப்பது), கடைசியில் பிளாங்க் (முழங்கை ஊன்றி உடம்பை நேராக நிறுத்திப் பிடிப்பது).
அட்டவணை இரண்டு: ரொமேனியன் டெட்லிஃப்ட் (இடுப்பில் குனிந்து எடையைத் தூக்குவது), ஓவர்ஹெட் பிரஸ் (தோளிலிருந்து தலைக்கு மேலே தள்ளுவது), லாட் புல்டவுன் (மேலேயிருந்து கம்பியை நெஞ்சுக்கு இழுப்பது), லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்து இறங்கி எழுவது).

ஒவ்வொன்றிலும் மூன்று செட், அதாவது மூன்று சுற்று; செட்டுக்கு 8 முதல் 10 முறை (பிளாங்கில் எண்ணிக்கை இல்லை, பிடித்து நிற்பதுதான்). ரோவும் புல்டவுனும் 10 முதல் 12 முறை வரை போகலாம். செட்டுக்கு நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு, ஸ்குவாட்டுக்கு மூன்று. கைக்கு ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் இரண்டு செட் கர்ல் (முழங்கையை மடக்கி எடை தூக்குவது) சேர்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. நெஞ்சுக்கு ஒரு நாள், கைக்கு ஒரு நாள் என்று ஆறு நாள் பிரிப்பது பல வருடம் பழகியவர்களுக்குச் சரி. புதிதாக வருகிறவருக்கு ஒவ்வொரு தசையும் வாரத்தில் இரண்டு மூன்று முறை வேலை செய்வதுதான் வேகமாகப் பலன் தரும். ஒரு நாள் தவறினாலும் பெரிய இழப்பு இல்லை.

எல்லாவற்றுக்கும் முன் ஐந்து நிமிடம் உடம்பைச் சூடேற்றுங்கள். அன்றைக்குத் தூக்கப் போகும் எடையில் பாதியை வைத்து ஒரு செட், முக்கால்வாசியை வைத்து இன்னொரு செட். அதற்குப் பிறகு உண்மையான செட்.

நான் முதலில் சேர்ந்த ஜிம்மில் முதல் நாளே 100 பஸ்கி போடச் சொன்னார்கள். மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை, நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. வலி வருவது இயல்புதான், ஒன்றிலிருந்து மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் முதல் நாளே உடம்பை நொறுக்கினால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலைவரை போகலாம். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தால் ஓய்வெடுத்துப் பார்ப்போம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றிலும் இரண்டு செட் மட்டும், லேசான எடையில். அதுவே போதும்.

குனியக் கற்றுக்கொள்வது

இரண்டாவதாகச் சேர்ந்த இடத்தில் மாஸ்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். போனதும் நான் பார்பெல்லை (இரண்டு முனையிலும் பிளேட் மாட்டும் நீளக் கம்பி) பார்த்தேன், அவர் மூலையிலிருந்து ஒரு மூங்கில் குச்சியை எடுத்து வந்தார். "வெயிட்டை அப்புறம் பாக்கலாமுங்ணா. மொதல்ல இந்தக் குச்சி முதுகை விட்டு நகரக் கூடாதுங்."

குச்சியை முதுகோடு நீளவாக்கில் பிடிக்க வேண்டும். பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடு, பிட்டத்தின் மேல் எலும்பு, இந்த மூன்று இடமும் குச்சியைத் தொட வேண்டும். சுவருக்கு ஒரு அடி முன்னால், சுவருக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, முழங்காலைக் கொஞ்சம்போல் தளர்த்தி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொட வேண்டும். இரண்டு கையிலும் பால் கேன் வைத்திருப்பவர் காலால் உதைக்காமல் பின்பக்கத்தால் கதவைச் சாத்துவது போல. நான் குனிந்ததும் இடுப்புக்குக் கீழே குச்சி முதுகை விட்டு விலகியது. முதுகு வளைகிறது என்று அர்த்தம். திரும்பத் திரும்ப இருபது முறை. கடைசியில் ஒரு முறை தொடையின் பின்பக்கம் வீணைத் தந்தி போல இழுத்துப் பிடித்தது, குச்சி மூன்று இடத்திலும் ஒட்டி நின்றது. "அதுதானுங்ணா" என்றார்.

ரொமேனியன் டெட்லிஃப்டுக்கு இந்த அசைவுதான் அடிப்படை. பாரைத் தொடையை ஒட்டியே இறக்கி, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் பிட்டத்தை முன்னால் தள்ளி எழ வேண்டும். தோட்டத்தில் மூட்டை தூக்கிப் பழகிய ஆட்கள் சொல்லிக்கொடுக்காமலே இப்படித்தான் தூக்குவார்கள். நாற்காலியில் உட்கார்ந்த நாம்தான் மறந்துவிட்டோம்.

ஸ்குவாட்டை நேராகப் பார்பெல்லோடு தொடங்காதீர்கள். ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, தோள் அகலத்தில் கால் வைத்து, பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்க்க, கடலைக்காய் பிடுங்க உட்காருவது போல இறங்குங்கள். குதிகால் தரையை விட்டு எழக்கூடாது, முழங்கால் உள்பக்கம் மடங்கக் கூடாது. தொடை தரைக்குச் சமமாக வரும்வரை இறங்க முடிந்தால் நல்லது. இறங்கும் முன் வயிற்றை நிறைத்து மூச்சை இழுத்துப் பிடித்து, பாதி எழுந்ததும் விடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சைப் பிடிக்காமல், எழும்போதே விட்டுக்கொண்டு எழுங்கள். 20 கிலோ டம்பெல்லில் பத்து முறை சுலபமானதும் பார்பெல்லுக்கு மாறலாம். வெறும் பாரே 20 கிலோ.

பெஞ்ச் பிரஸ்ஸில் தோள்பட்டைகளைப் பின்னால் இழுத்துப் பெஞ்சில் அழுத்திவிட்டுத் தூக்குங்கள். தனியாகச் செய்தால் பாரில் கிளிப் போடாதீர்கள், மாட்டிக்கொண்டால் ஒரு பக்கமாகச் சாய்த்து பிளேட்டை இறக்கிவிடலாம். மற்றவற்றை மாஸ்டர் ஒரு முறை காட்டினால் பிடித்துவிடும்.

எடையை ஏற்றுவது

நோட்டு வேலைக்கு வருவது இங்கேதான். ஒவ்வொரு செட்டையும், இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்ற இடத்தில் நிறுத்துங்கள். எத்தனை என்று எழுதுங்கள். என் நோட்டில் ஸ்குவாட் பக்கம் இப்படி ஓடுகிறது: 40 கிலோ, 8, 8, 7. அடுத்த முறை 9, 8, 8. அப்புறம் 10, 9, 9. அப்புறம் 10, 10, 10. மூன்று செட்டிலும் பத்து வந்துவிட்டதா, அடுத்த முறை 42.5 கிலோ, மறுபடி 8, 7, 7. பாருக்கு இரண்டு பக்கமும் 1.25 கிலோ பிளேட், அவ்வளவு சின்ன ஏற்றம். ஓவர்ஹெட் பிரஸ் மெதுவாகத்தான் ஏறும், அதில் பொறுமை வேண்டும். கொழுப்பு குறையும் காலத்தில் எடை ஏறாவிட்டாலும், அதே எடையை அதே எண்ணிக்கையில் தூக்க முடிகிறது என்றால் தசை போகவில்லை என்று பொருள்.

எட்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு வாரம் செட்டுகளைப் பாதியாகக் குறையுங்கள். மூட்டு ஆறும்.

ஜிம் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு: ஒரு 25 கிலோ அரிசிச் சிப்பம் போதும். நெஞ்சோடு அணைத்து ஸ்குவாட், குனிந்து பிடித்து டெட்லிஃப்ட், வயிற்றுப் பக்கம் இழுத்து ரோ. தள்ளும் அசைவுக்குத் தண்டால். தரையில் முடியாவிட்டால் திண்ணையில் கை வைத்துத் தொடங்குங்கள். 20 லிட்டர் தண்ணீர்க் கேனை ஒரு கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நடப்பது இடுப்புக்கும் கைப்பிடிக்கும் அருமையான பயிற்சி.

எங்கள் வீட்டம்மா ஐந்து கிலோ டம்பெல்லோடுதான் தொடங்கினார். இப்போது 40 கிலோவில் ரொமேனியன் டெட்லிஃப்ட் செய்கிறார். ஆம்பளை மாதிரி ஆகிவிடுவோமோ என்ற பயம் அவருக்கும் இருந்தது. பெண்ணுடம்பில் டெஸ்டோஸ்டிரோன் ஆணுக்கு இருப்பதில் ஒரு சிறு பங்குதான், பளு தூக்கினால் அப்படி ஆக வழியே இல்லை. அவருக்குக் கிடைத்தது முதுகுவலி இல்லாத நாட்கள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேய்வதைத் தடுப்பதிலும் பளுவுக்குப் பங்கு உண்டு. அறுபதைத் தாண்டிய அம்மாவையும் விடவில்லை. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பத்து முறை, மூன்று செட். இப்போது கோயில் படி ஏறும்போது என் தோளைப் பிடிப்பதில்லை.

நடை, தூக்கம்

தினம் எட்டாயிரம் அடி நடங்கள். காலையில் முடியாதவர்கள் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம், சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரைக்கும் அது நல்லது. சித்திரை வெயிலில் பொழுது சாய்ந்த பிறகு நடப்பதுதான் சரி. தொப்பைக்கென்று தனியாக வயிற்றுப் பயிற்சி செய்து அங்கேயுள்ள கொழுப்பை மட்டும் எடுக்க முடியாது. உடம்பு தன் வரிசைப்படிதான் எடுக்கும், பெரும்பாலும் ஆண்களுக்கு வயிறு கடைசி.

தூக்கம் ஏழு மணி நேரம். இரவு ஷிப்ட் பார்க்கிறவர்கள் அறையை இருட்டாக்கி, போனைத் தள்ளி வைத்துப் பகலில் அந்த ஏழு மணி நேரத்தை எடுத்தே ஆக வேண்டும். தூக்கம் குறைந்த வாரத்தில் பசி கூடுவதும் இனிப்பைக் கை தேடுவதும் என் நோட்டில் அப்படியே தெரிகிறது.

பவுடரும் ஊசியும்

வே புரதப் பவுடர் பாலிலிருந்து வருவது. ஒரு கரண்டியில் 20 முதல் 24 கிராம் புரதம். முட்டையும் பருப்பும் போதாத நாளுக்கு வசதி, கட்டாயம் இல்லை. வாங்கினால் டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா பாருங்கள். பெயர் ஒட்டாத பொட்டலத்தைத் தொடாதீர்கள். கிரியாட்டின் மோனோஹைட்ரேட் நாளைக்கு 3 முதல் 5 கிராம், நன்றாக ஆராயப்பட்ட பொருள், தூக்கும் பலம் கொஞ்சம் கூடும். தசையில் தண்ணீர் சேர்வதால் முதலில் ஒரு கிலோ ஏறலாம், பதற வேண்டாம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

"மூணு மாசத்துல ரெடி பண்ணிடலாம்" என்று யாராவது ஸ்டீராய்டு ஊசியைக் காட்டினால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். வெளியிலிருந்து ஹார்மோன் ஏறினால் உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்கிறது. விந்தணு குறைகிறது, நல்ல கொலஸ்ட்ரால் இறங்குகிறது, இதயத் தசை தடிக்கிறது. இருபது வயதுத் தம்பிகள் கல்யாணச் சட்டைக்காக இதில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். மனசு பதறுகிறது. கண்ணுகளா, உங்கள் வயதில் உடம்பே நிறைய ஹார்மோன் சுரக்கிறது. மூன்று முட்டையும் ஒரு வருடமும் போதும்.

எடை அசையாமல் நின்றால்

ஒரு நாள் எடையை நம்பாதீர்கள். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை வாரத்துக்கு வாரம் ஒப்பிடுங்கள். உப்பு கூடிய ஒரு விருந்து மறுநாள் ஒன்றரைக் கிலோ காட்டும், அது தண்ணீர். சராசரியும் மூன்று வாரமாக அசையவில்லை, டேப்பும் அசையவில்லை என்றால் முதலில் எண்ணெய்ப் பாட்டிலை மறுபடி நிறுத்துப் பாருங்கள். அடுத்தது டீயின் எண்ணிக்கை. மூன்றாவது, சாயங்காலம் கை தானாகப் போகும் முறுக்கு டப்பா. இந்த மூன்றிலும் குறை இல்லையென்றால் மட்டும் சோற்றில் இன்னொரு 30 கிராம் அரிசியைக் குறையுங்கள்.

பன்னிரண்டு வாரம் குறைத்த பிறகு இரண்டு வாரம் குறைப்பை நிறுத்தி, எடை நிலையாக நிற்கும் அளவுக்குச் சாப்பிடுங்கள். ஒரு வேளைக்கு 60 கிராம் அரிசி என்பதை 100 ஆக்கித் தொடங்குங்கள், எடை இன்னும் இறங்கினால் இன்னும் கூட்டுங்கள். உடம்பும் மனசும் இளைப்பாறும், தூக்கும் பலமும் திரும்பும். நான் அந்த இரண்டு வாரத்தை எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியோடு சேர்த்து வைத்துக்கொள்கிறேன். கம்பம் நட்டதிலிருந்து மஞ்சள் நீராட்டு வரை ஜிம்முக்கு ஒரு நாள்தான் போக முடிந்தது. அடுத்த திங்கட்கிழமை நோட்டைத் திறந்தேன்: ஸ்குவாட், 60 கிலோ, கடைசியாக 9, 9, 8. அன்றைக்கு 10, 9, 9 வந்தது.